கேமரா மாற்றும் படலம்

கல்யாணமானவன் வீட்டுக்குள் ஒரு புதுச் சாமானைக் கொண்டு வர மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, எல்லோரையும் கேட்டுவிட்டு வாங்குவது. இது கதைகளில் மட்டும் நடக்கும். இரண்டாவது, வாங்கிவிட்டு விலையில் சரிபாதியைச் சொல்வது. 2013-ல் நிக்கான் டி90 கேமரா ஒன்றை செகண்ட் ஹாண்டில் 21,000 ரூபாய்க்கு வாங்கி, அப்பாவிடம் 10,500 என்று சொன்னேனே, அது இந்த வகை. (அதற்கே அவர், "மூணு சைக்கிள் வாங்கலாமேடா!" என்றார்.) மூன்றாவது வழிதான் உத்தமமானது. அதற்குப் பெயர் மச்சினன்.

2024 பொங்கலுக்கு பெங்களூரிலிருந்து வந்த என் மச்சினன், தோள் பையைத் திறந்து ஒரு கறுப்பு வஸ்துவை எடுத்து சோபாவில் வைத்தான். நிக்கான் டி7500.

"நான் மிரர்லெஸ்ஸுக்கு மாறிட்டேன் மச்சான். இது சும்மாதான் கிடக்குது. ஒரு வாரம் வெச்சு அடிச்சுப் பாருங்க. பிடிச்சிருந்தா நாப்பதாயிரம் குடுங்க. இல்லேன்னா அடுத்த வாரம் வந்து எடுத்துக்கறேன்."

கூடப் பிறந்த தம்பியே கொண்டு வந்து வைக்கும்போது மனைவி என்ன சொல்ல முடியும்? முகத்தை மட்டும் ஒரு மாதிரி வைத்துக்கொண்டு காபி போடப் போனாள்.

விஷயம் என்னவென்றால், என் கையில் அப்போது நாற்பதாயிரம் இருந்தது. இரண்டு வருஷமாகக் கட்டி வந்த சீட்டு அந்த மாசம்தான் எனக்கு விழுந்திருந்தது. எழுதிப் பிழைக்கிறவன் கையில் மொத்தமாக நாற்பதாயிரம் இருப்பது சூரிய கிரகணம் மாதிரி. எப்போதாவது வரும், ரொம்ப நேரம் நிற்காது. அது மச்சினனுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் இன்று வரை எனக்குப் புரியவில்லை.

* * *

நான் பி.காம். மூன்று வருஷம் படித்ததில் மிச்சம் ஒன்றே ஒன்றுதான்: எதையும் இடது பக்கம், வலது பக்கம் எழுதிப் பார்க்காமல் முடிவு செய்ய மாட்டேன். அன்று ராத்திரியே பேப்பரில் நடுவே கோடு போட்டேன்.

இடது பக்கம் பழசு. டி90, 2008-ல் வெளிவந்தது. படத்துக்கு 1 கோடியே 23 லட்சம் புள்ளிகள். வினாடிக்கு நாலரைப் படம். ஃபோகஸ் பிடிக்க 11 இடங்கள். ஐ.எஸ்.ஓ. 200 முதல் 3200 வரை, கழுத்தைப் பிடித்துத் தள்ளினால் 6400. வீடியோ எடுத்த முதல் டி.எஸ்.எல்.ஆர். என்கிற பெருமை இதற்கு உண்டு. ஆனால் ஹெச்.டி.யில் ஒரு மூச்சில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் எடுக்காது.

வலது பக்கம் புதுசு. டி7500, 2017-ல் வெளிவந்தது. 2 கோடியே 9 லட்சம் புள்ளிகள். வினாடிக்கு 8 படம். ஃபோகஸுக்கு 51 இடங்கள். 4கே வீடியோ. மேலும் கீழும் சாய்கிற, தொட்டால் வேலை செய்கிற திரை. ஐ.எஸ்.ஓ. 51,200 வரை சாதாரணமாகப் போகும். தள்ளிவிட்டால் 16 லட்சத்து 40 ஆயிரம்! (இந்தக் கடைசி நம்பர் ஊரைக் கூட்டத்தான். அதில் எடுத்த படத்தில் அப்பா எது, அலமாரி எது என்று எனக்கே தெரியவில்லை.)

ஐ.எஸ்.ஓ. என்ன என்று கேட்கிறவர்களுக்கு: ரேடியோவில் ஸ்டேஷன் சரியாக எடுக்காதபோது வால்யூமைக் கூட்டுவோமே, அது மாதிரி. பாட்டும் கூடும், கொர்ர்ரும் கூடும். படத்தில் அந்தக் கொர்ருக்கு நாய்ஸ் என்று பெயர். பார்த்தால் முகத்தில் ரவையைத் தூவின மாதிரி இருக்கும்.

பேப்பரில் பார்த்தால் போட்டியே இல்லை. ஆனால் பேப்பரில் பார்த்தால் நான்கூட நல்ல மாப்பிள்ளைதான் என்று மாமனார் ஒருமுறை சொல்லியிருக்கிறார். எனவே நேரில் சோதிப்பது என்று முடிவாயிற்று.

* * *

முதல் சோதனை, பகல் வெளிச்சம். என்னிடம் இருந்த 18-105 லென்ஸையே இரண்டிலும் மாட்டினேன். நிக்கான் 1959-ல் கொண்டு வந்த அதே எஃப் மவுன்ட்தான் இரண்டுக்கும், ஆகவே மாற்றி மாட்டுவதில் கஷ்டமில்லை. மொட்டை மாடியிலிருந்து மலைக்கோட்டை, எதிர்வீட்டு முருங்கை, தெருக்கோடி பூக்காரம்மா என்று தலைக்குப் பத்துப் படம். ஸ்டூடியோவில் கொடுத்து நாலுக்கு ஆறு சைஸில் பிரின்ட் போட்டு, பின்பக்கம் பென்சிலால் குறித்துக்கொண்டு, சீட்டுக்கட்டு மாதிரி கலைத்தேன்.

"இதில் எது புதுசு, எது பழசு? சொல்லு பார்ப்போம்."

மனைவி இருபதில் பதினொன்று சரியாகச் சொன்னாள். இரண்டாங்கிளாஸ் படிக்கும் மகள் பன்னிரண்டு. நிபுணனாகிய நான் ஒன்பது. காசைச் சுண்டிப் போட்டிருந்தால்கூட பத்து வந்திருக்கும்!

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாலுக்கு ஆறு பிரின்டுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வைத்தாலும் 21 லட்சத்து 60 ஆயிரம் புள்ளிகள் போதும். பழைய கேமராவே அதைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் தருகிறது. மீதியெல்லாம் சாப்பிட முடியாத சாப்பாடு. இன்னொன்று: புதுசில் 70 சதவீதம் புள்ளி அதிகம் என்பது கேட்க பிரமாதமாக இருக்கிறது. ஆனால் படத்தின் அகலம் 4,288-லிருந்து 5,568 ஆகிறது, அவ்வளவுதான். முப்பது சதவீதம். இன்க்ரிமென்ட் லெட்டரில் எழுதுவதற்கும் கைக்கு வருவதற்கும் உள்ள வித்தியாசம் ஆபீஸ் போகிற உங்களுக்குத் தெரியாததா?

இரண்டாவது சோதனை, ராத்திரி ஹால். இங்கேதான் பழசின் மானம் போயிற்று.

எங்கள் வீட்டு ஹாலில் ஒரே ஒரு ட்யூப்லைட். அதன் அடியில் அப்பாவும் பேத்தியும் தினம் தாயம் ஆடுவார்கள். அப்பாவைப் படம் எடுப்பது சுலபமில்லை. கேமராவைக் கண்டதும் வாக்காளர் அடையாள அட்டைக்கு நிற்கிற முகத்தை வைத்துக்கொள்வார். தாயம் விழும்போது மட்டும் தன்னை மறந்து ஒரு சிரிப்பு. ஒரு வினாடிதான் இருக்கும். ஃபிளாஷ் போடக்கூடாது. 2022-ல் வலது கண்ணில் காடராக்ட் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவருக்கு ஃபிளாஷ் ஆகாது.

அந்த ஒரு வினாடியைத்தான் பத்து வருஷமாகத் துரத்திக்கொண்டிருக்கிறேன்.

பழசு, இருட்டைக் கண்டதும் சாவியைத் தொலைத்தவன் மாதிரி முன்னும் பின்னும் தேடியது. அது ஃபோகஸ் பிடிப்பதற்குள் அப்பா சிரித்து முடித்து அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டார். 3200-ல் வைத்து, முப்பதில் ஒரு வினாடியில் எடுத்ததில் முகமெல்லாம் ரவை, கையெல்லாம் புகை. லென்ஸில் வி.ஆர். இருக்கிறதே என்பீர்கள். அது நம் கை ஆடுவதைத்தான் அடக்கும். அப்பா ஆடுவதை அடக்காது.

புதுசு அப்படியில்லை. பழசு ஃபோகஸ் பிடிக்கிற மிகக் குறைந்த வெளிச்சத்தில் நாலில் ஒரு பங்கு இருந்தாலே போதும் என்பது கம்பெனிக் கணக்கு. டப்பென்று பிடித்தது. ஒரு சிரிப்புக்கு எட்டுப் படம். ஐ.எஸ்.ஓ.வை 6400 வைத்தும் ரவை கம்மி.

முடிவு செய்துவிட்டேன். நாற்பதாயிரம் போனால் போகட்டும்.

* * *

ஐந்தாம் நாள் ராத்திரி. கம்ப்யூட்டரில் இரண்டு கேமராப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அப்பாவின் மூக்கைப் பெரிசு பண்ணி ரவையை எண்ணிக்கொண்டிருந்தேன். பால் டம்ளருடன் வந்த மனைவி பின்னால் நின்று பார்த்தாள்.

"என்னங்க, எல்லாப் படத்திலேயும் மாமா இடது கண்ணை மூடிக்கிட்டே இருக்காரே, பார்த்தீங்களா?"

பார்த்தேன். தாயக்கட்டையை எட்டிப் பார்க்கும்போது, பேப்பர் படிக்கும்போது, பேத்தி காட்டிய டிராயிங்கைப் பார்க்கும்போது... பழைய கேமராவிலும் மூடியிருந்தது, புதுக் கேமராவிலும் மூடியிருந்தது. இரண்டும் ஒரே செய்தியைத்தான் ஐந்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தன. நான்தான் ரவையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

காலையில் கேட்டதும் அப்பா சிரித்தார். "அது ஒண்ணுமில்லடா. ரெண்டு கண்ணையும் திறந்தா குழப்பமா இருக்கு. ஒண்ணு போதும். வா, ஒரு வேடிக்கை காட்டறேன்."

மாடிக்கு அழைத்துப் போனார். கொடியில் அவர் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. வலது கண்ணால் பார்த்தார். "வெள்ளை வெளேர்னு இருக்கு." அதை மூடி, இடது கண்ணால் பார்த்தார். "இப்ப டீக்கறை மாதிரி பழுப்பு. நீ அஞ்சு நாளா பழசு புதுசு பார்க்கறே. நான் ரெண்டு வருஷமா பார்க்கறேன்!"

வயசாக ஆக கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் மஞ்சள் பூத்து, மங்கிப் போகிறது. நீல நிறத்தை உள்ளே சரியாக விடாது. ஆபரேஷனில் அதை எடுத்துவிட்டு, ஆறு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள். அடுத்த கண்ணையும் சீக்கிரம் செய்ய வேண்டும் என்று டாக்டர் போன வருஷமே சொல்லியிருக்கிறார். அப்பா எங்களிடம் சொல்லவில்லை.

"ஏம்ப்பா சொல்லலை?"

"சீட்டுப் பணம் வரப்போகுது, புதுக் கேமரா வாங்கப் போறேன்னு போன்ல யார்கிட்டயோ ஆசையா பேசிட்டிருந்தே. சரி, கண்ணுக்கு என்ன அவசரம்னு விட்டுட்டேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவரே தொடர்ந்தார். "ஆமா, எனக்கு ஒண்ணு புரியலை. மங்கலாத் தெரியுதுன்னு போனப்ப டாக்டர் என் லென்ஸைத்தான் மாத்தினாரு. உடம்பை மாத்தலியே. நீ எதுக்குடா மொத்தமா மாத்தறே?"

* * *

அப்பா கூட்டுறவு சொசைட்டியில் கணக்கு எழுதி ரிட்டயர் ஆனவர். போட்டோகிராபியில் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் அவர் சொன்னதை வைத்துக் கணக்குப் போட்டால் தலை சுற்றியது.

என் 18-105 லென்ஸ், ஜூமை முழுக்க நீட்டினால் எஃப் 5.6. அதாவது பாதி சாத்திய ஜன்னல். நிக்கானின் 50 எம்.எம். எஃப் 1.8 டி லென்ஸ், அகலத் திறந்த ஜன்னல். வரும் வெளிச்சம் ஏறக்குறைய பத்து மடங்கு! கேமராவை மாற்றியதில் எனக்குக் கிடைத்த லாபம் அதன் பக்கத்தில்கூட வராது.

எங்கள் தெரு ஸ்டூடியோக்காரர் அந்த லென்ஸ் ஒன்றைப் பழசாக வைத்திருந்தார். 5,500 ரூபாய். அன்று ராத்திரியே பழைய டி90-ல் மாட்டினேன். முப்பதில் ஒரு வினாடி, 3200 என்று திணறிய அதே ஹாலில், 125-ல் ஒரு வினாடி, 1600! கையில் புகை இல்லை. ரவை பாதி.

பொய் சொல்லக் கூடாது. குறை உண்டு. ஜூம் கிடையாது, நாம்தான் முன்னே பின்னே நடக்க வேண்டும். 1.8-ல் திறந்தால் கண் தெளிவாக இருக்கும், காது மங்கிவிடும். பழசின் தேடும் புத்தியும் போகவில்லை, பத்துக்கு நாலு தவறியது. அதே லென்ஸைப் புதுசில் மாட்டினால் பத்துக்கு ஒன்றுதான் தவறுகிறது. கல்யாணம், கச்சேரி என்று படம் எடுத்துச் சம்பாதிக்கிறவர்கள் தாராளமாகப் புதுசுக்குப் போகலாம். போட்ட பணம் திரும்பி வரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பையைத் திறக்கிற என்னைப் போன்றவர்கள் முதலில் லென்ஸ் பக்கம் பாருங்கள். ஒரு ஜாக்கிரதை: இந்த லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. கேமராவுக்குள் இருக்க வேண்டும். டி90, டி7500 இரண்டிலும் இருக்கிறது. நிக்கானின் டி3000, டி5000 வரிசைகளில் கிடையாது. அதில் மாட்டினால் ஃபோகஸைக் கையால்தான் திருக வேண்டும்.

மச்சினன் வந்தான். விஷயத்தைச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டான். "பரவாயில்லை மச்சான். உண்மையைச் சொன்னா ரெண்டுமே பழசுதான். 2020-க்கு அப்புறம் நிக்கான் ஒரு டி.எஸ்.எல்.ஆர். கூட புதுசா விடலை" என்றான். ஒரு வாரம் முன்னால் இதைச் சொன்னானா பாருங்கள்!

மாசி மாசம் அப்பாவுக்கு இடது கண் ஆபரேஷன் ஆயிற்று. வலது கண்ணுக்குச் செய்த அதே டாக்டர். பத்து நாள் கழித்து மாடிக்குப் போனோம். வேட்டியை இந்தக் கண்ணால் ஒரு தரம், அந்தக் கண்ணால் ஒரு தரம் பார்த்தார். இரண்டிலும் வெள்ளை.

"எவ்வளவுடா ஆச்சு?"

"பதினாலாயிரம்ப்பா."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ இருபத்தெட்டு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சரியாக அவ்வளவுதான்! "எப்படிப்பா?"

"அந்தக் கேமரா பத்தாயிரத்து ஐந்நூறுன்னு சொன்னியே, அன்னிக்கு சாயந்திரமே கடையில போய்க் கேட்டுட்டேன். அதிலேர்ந்து நீ எது சொன்னாலும் நான் ரெண்டால பெருக்கிக்குவேன்!"

சொல்லிவிட்டு, தாயம் விழுந்த மாதிரி சிரித்தார். கழுத்தில் டி90 தொங்கிக்கொண்டிருந்தது. அடித்தேன்.

பிரின்ட் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன். காது கொஞ்சம் மங்கல்தான். கண் இரண்டும் திறந்திருக்கிறது.