ரேடியோ மேல் போட்ட பழி

என் ரேடியோ மாடல் விமானம் விழுந்ததற்கு ரேடியோ காரணமில்லை. பக்கத்தில் நின்ற இளைஞர் தன் செட்டை (டிரான்ஸ்மிட்டரை) ஆன் செய்ததும் காரணமில்லை. அவர் ஆன் செய்யவே இல்லை. காரணம் நான். உடைந்து கிடந்த பிளேனை எடுக்க நடந்து போகும்போதே அது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் பழியை அவர்மேல் போட்டேன், பிறகு அதைத் திருத்தவும் இல்லை.

2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ நம் பக்கம் பரவாத காலம் அது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் சாலையை ஒட்டி, கோடையில் வறண்டு கிடக்கும் ஏரிதான் எங்கள் ஓடுபாதை. மழைக்காலம் வந்தால் அதுவும் போய்விடும். அப்புறம் சம்பா அறுப்பு முடிந்து வயல் காயும்வரை காத்திருக்க வேண்டும். எல்லாருடைய செட்டும் 72 மெகாஹெர்ட்ஸ். ஒரே சேனலில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆன் செய்தால் மேலே இருக்கும் பிளேன் கைவிட்டுப் போகும். அதனால் களத்தில் ஒரு பலகை வைத்திருப்போம். அதில் சேனல் எண் எழுதிய துணிக் கிளிப்புகள் இருக்கும். கிளிப்பை எடுத்துத் தன் ஆண்டெனாவில் மாட்டியவருக்கு மட்டுமே அந்தச் சேனல் சொந்தம். அந்த இளைஞருக்கும் எனக்கும் ஒரே சேனல். அன்று கிளிப் என் ஆண்டெனாவில் இருந்தது.

விழுந்த பிளேன் நடு இறக்கை வைத்த ஏரோபாட்டிக் மாடல். பெட்டியிலேயே 40 முதல் 46 வரை என்று அச்சிட்டிருந்தது. 46 என்றால் 0.46 கன அங்குலம், அதாவது சுமார் 7.5 சிசி. என்னிடம் நன்றாக ஓடிய ஜப்பான் 46 இன்ஜின் இருந்தது, பிளேனும் அதில் நன்றாகவே பறந்தது. ரோல், லூப், தலைகீழ்ப் பறத்தல் எதிலும் குறை சொல்ல முடியாது. அதைக் கழற்றிவிட்டு 61 இன்ஜினை, 10 சிசியை மாட்டினேன். தேவைக்காக மாட்டினேன் என்று இத்தனை நாள் சொல்லி வந்தேன். அது பொய். களத்தில் வேறொருவரின் பெரிய பிளேன் நேர் செங்குத்தாக ஏறிப் புள்ளியாக மறைவதையும், எல்லாரும் கழுத்தை நிமிர்த்தி அதைப் பார்ப்பதையும் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது.

ஏரோபாட்டிக்ஸில் பலத்துக்கு மதிப்பெண் இல்லை என்பது எனக்கும் தெரிந்த விஷயம்தான். 1960-ல் சுவிட்சர்லாந்தின் டூபென்டார்ஃபில் நடந்த முதல் ரேடியோ விமான உலகப் போட்டியில் அமெரிக்காவின் எட் கஸ்மிர்ஸ்கி தன் ‘ஓரியன்’ மாடலோடு வென்ற கதையை மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி அலுக்க வைத்தவன் நான். எஃப்3ஏ என்ற ரேடியோ ஏரோபாட்டிக் போட்டியில் மாடலின் எடை 5 கிலோவுக்குள், நீளமும் இறக்கை அகலமும் 2 மீட்டருக்குள் இருக்க வேண்டும். நடுவர் பார்ப்பது கோடு நேராக இருக்கிறதா, வட்டம் வட்டமாக இருக்கிறதா, ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் ஒரே சீராக இருக்கிறதா என்பதைத்தான். இவ்வளவும் பேசத் தெரிந்தவன் தன் பிளேன் என்று வந்ததும் பஜாரில் பெரிய சைஸ் செருப்புக் கேட்கிற சிறுவனைப் போல ஆனேன்.

61 இன்ஜின் சைலன்சரோடு 46-ஐவிட ஏறக்குறைய 200 கிராம் கனம். அவ்வளவும் மூக்கில் உட்கார்ந்தது. பிளேனின் சமநிலைப் புள்ளி முன்னால் நகர்ந்தது. அதைப் பின்னால் இழுக்க வாலில் ஈயம் வைத்தேன், எழுபது கிராம் போல. சமநிலைப் புள்ளி பழைய இடத்துக்கு வந்துவிட்டது, கணக்குச் சரி என்று நினைத்தேன். களத்தில் எங்களுக்கெல்லாம் மூத்தவர் ஒருவர் உண்டு. அவர் வாலைத் தூக்கிப் பார்த்து, ஈயத்தை விரலால் தட்டினார்.

“ஏம்ப்பா, முன்னாடியும் ஏத்திப் பின்னாடியும் ஏத்தினா பேலன்ஸ் வந்துரும். ஆனா சுத்த ஆரம்பிச்சா நிக்காது, பாத்துக்க.”

“பவர் இருக்குல்லங்க, இழுத்துரலாம்” என்றேன்.

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிசகில்லை. ஒரே எடை நடுவில் இருப்பதற்கும் இரண்டு முனைகளில் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. முனைகளில் பாரம் இருந்தால் சுழல ஆரம்பித்த பிளேன் சுழற்சியை விட மறுக்கும். ஸ்பின்னிலிருந்து மீள நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குள் உயரம் தீர்ந்துவிடும். அதோடு மொத்த எடை பத்து விழுக்காடு கூடினால் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்குசக்தியை இழக்கும், வேகம் ஏறக்குறைய ஐந்து விழுக்காடு கூடும். இன்ஜின் இழுக்கும்வரை இது எதுவும் தெரியாது. நின்ற பிறகுதான் தெரியும்.

தேர்வு செய்ததில் தப்பு இவ்வளவு. பொருத்தியதில் செய்தது இன்னும் கேவலம்.

61-க்கு உரிய மவுண்ட் வாங்கவில்லை. சென்னைக்குப் போய் வாங்க ஒரு நாள் ஆகும். இருந்த 46 நைலான் மவுண்டின் இரண்டு கைகளையும் உள்பக்கமாக அரத்தால் ராவி, பெரிய கிரான்க்கேஸ் உட்காரும் அளவுக்கு அகலப்படுத்தினேன். கைகள் மெலிந்தன. போல்ட்டுகளுக்குத் திருகுப் பசை போடவில்லை. தீர்ந்து போயிருந்தது. லாக் வாஷரும் வைக்கவில்லை. புது இன்ஜின் நீளம் கூடுதலாக இருந்ததால் டியூபுக்கு இடம் போதவில்லை. அதனால் எரிபொருள் டேங்குக்கு முன்னால் இருந்த நுரைப் பஞ்சை வெட்டி எடுத்தேன். டேங்க் நேராக முன்பலகையைத் தொட்டுக்கொண்டு நின்றது. அந்த இன்ஜின் கடலோரத்தில் ஓடிய பழையது. ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றினால் பின் பேரிங் கரகரத்தது. உப்புக் காற்றும் மெத்தனால் உறிஞ்சும் ஈரமும் சேர்ந்து பேரிங்கைத் துரு பிடிக்க வைக்கும். மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை.

இவை ஒவ்வொன்றும் அதிர்வைக் கூட்டும். அதிர்வு டேங்குக்குப் போனால் எரிபொருள் நுரைக்கும். நுரையில் காற்றுக் குமிழ் இருக்கும், கார்புரேட்டருக்குப் போகும் கலவை மெலியும், இன்ஜின் சூடாகி நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. ப்ரொப்பெல்லர் சுழலும் திசையால் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். அதை ஈடுகட்ட இன்ஜினை வலப்பக்கம் ஓரிரு பாகை திருப்பி வைப்பது வழக்கம். மவுண்டுக்குப் பின்னால் ஒரு பக்கம் வாஷர் கொடுத்தால் போதும். பெரிய இன்ஜின், பெரிய ப்ரொப்பெல்லர் என்றால் இழுப்பும் கூடும். நான் வாஷரைத் தொடவில்லை. முதல் ஏற்றத்திலேயே பிளேன் இடப்பக்கம் சாய்ந்தது. செட்டில் ரடர் டிரிம்மை வலப்பக்கம் தள்ளி நேராக்கினேன். இன்ஜின் ஓடும்போது இது சரியாக இருக்கும். நின்றுவிட்டால் இடப்பக்கம் இழுக்க ஒன்றும் இல்லை, வலப்பக்கம் தள்ளிய ரடர் மட்டும் அப்படியே இருக்கும்.

எரிபொருள் நானே கலந்தது. எண்பது பங்கு மெத்தனால், இருபது பங்கு விளக்கெண்ணெய். நைட்ரோமெத்தேன் கிடைக்காத ஊரில் இதுதான் வழக்கம், உலகப் போட்டிகளிலேயே ஒரு காலத்தில் இதே கலவையைத்தான் கொடுத்தார்கள். கலவையில் குறையில்லை. எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் நீடிலில்தான் குறை. ஏரோபாட்டிக் பிளேனுக்குத் தரையில் நீடிலைக் கொஞ்சம் தாராளமாகத் திறந்து வைக்க வேண்டும். மூக்கு மேலே போகும்போது டேங்க் கார்புரேட்டருக்குக் கீழே இறங்குகிறது, எரிபொருள் ஏறிப் போக வேண்டும், கலவை தானாக மெலியும். அதைச் சோதிக்க எளிய வழி உண்டு. இன்ஜினை முழு வேகத்தில் வைத்து, ஒருவர் பிளேனைத் தூக்கி மூக்கை வானத்துக்கு நிறுத்திப் பிடிப்பார். சத்தம் கொஞ்சம் ஏறினால் நல்லது, சில விநாடியில் தொங்கினால் நீடிலைத் திறக்க வேண்டும். புதிதாகக் கற்க வருபவர்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பதே இதைத்தான்.

அன்று நான் அதைச் செய்யவில்லை. கடல்காற்று கிளம்பும் நேரம். கோடையில் மாமல்லபுரம் பக்கம் அது முற்பகலிலேயே எழுந்துவிடும், உள்ளே வரவரத் தாமதமாகும். அது பட்டம் விடுகிறவர்களுக்கு ஆகிற காற்று. எங்களுக்கு ஆகாது. ஆனால் காற்றையும் சாக்காகச் சொல்ல மாட்டேன். நீடிலை நான் மூடியது சத்தத்துக்காக. மெலிந்த கலவையில் இன்ஜின் கூர்மையாக அலறும். அந்த அலறலை நாலு பேர் கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

பிளேன் ஏறியது. எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். செங்குத்தாகப் போய், உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் சத்தம் தளர்ந்து நின்றது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: மூக்கைத் தாழ்த்தி, வேகத்தைக் காத்து, எதிர்க்காற்றில் நேராக இறக்குவது. ஏரி முழுக்கக் காலியாக இருந்தது. நானோ எல்லார் முன்னாலும் ஓடுபாதையிலேயே இறக்கிக் காட்ட நினைத்து, காற்றோடு போய்க்கொண்டிருந்த பிளேனை எலிவேட்டரை இழுத்துத் திருப்பினேன். கனத்த பிளேன் ஸ்டால் ஆனது. வலப்பக்க ரடர் டிரிம் அதை வலப்பக்கமே கவிழ்த்தது. சுழல ஆரம்பித்தது நிற்கவில்லை.

ரேடியோ கெட்டால் சர்வோ துடிக்கும், பிளேன் கண்டபடி உதறும். இது அப்படி விழவில்லை. முதலில் இன்ஜின் நின்றது, பிறகு ஒழுங்காக, பாடப்புத்தகத்தில் எழுதியபடி விழுந்தது. கவனித்திருந்தால் யாருக்கும் புரிந்திருக்கும். நான்தான் யாரையும் கவனிக்க விடவில்லை. ஓடிப்போய் முதலில் சேர்ந்தேன். மவுண்டில் ஒரு போல்ட் இல்லை, இன்னொன்று பாதி கழன்று ஆடியது. விழுந்த அடியில் போல்ட் முறியும், மரை திரும்பிக் கழன்று நிற்காது. மேலேயே கழன்றதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஆடிய போல்ட்டைக் கையால் திருகி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வாலிலிருந்த ஈயத்தையும் பிய்த்து எடுத்தேன். மற்றவர்கள் வருவதற்குள் இதெல்லாம் முடிந்துவிட்டது.

“கன்ட்ரோலே இல்ல. யாரோ ஆன் பண்ணிட்டாங்க” என்றேன்.

எல்லாரும் அந்த இளைஞரைத் திரும்பிப் பார்த்தார்கள். மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்து, மிச்சம் பிடித்துப் பழைய செட் ஒன்றை வாங்கியிருந்தவர். என்னைவிட இருபது வயது சின்னவர்.

“அண்ணே, சத்தியமா நான் செட்டைத் தொடவே இல்லண்ணே. பைக்குள்ளதான் இருக்கு.”

“அப்புறம் எப்பிடி தம்பி தானா விழும்?”

பையைத் திறந்து பார்த்தார்கள். சுவிட்ச் ஆஃபில்தான் இருந்தது. விழுந்ததும் ஆஃப் செய்திருப்பான் என்று யாரோ முணுமுணுத்தார்கள். நான் மறுக்கவில்லை. மூத்தவர் மட்டும் மவுண்டைக் கையில் எடுத்து, மெலிந்திருந்த கைகளைப் பார்த்தார், என்னையும் பார்த்தார், ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டார். அந்த இளைஞர் அதன் பிறகு களத்துக்கு வரவில்லை. செட்டை விற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. இவ்வளவு காலம் கழித்து உண்மையைச் சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பதுதான் அப்போதும் என் கவலை.

2.4 வந்ததும் கிளிப்புப் பலகை போய்விட்டது. அதில் செட்டும் ரிசீவரும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு பிணைந்துகொள்ளும், பக்கத்தில் பத்துப் பேர் ஆன் செய்தாலும் இடைஞ்சல் இல்லை. என் பிளேன்கள் மட்டும் முன்போலவே விழுந்துகொண்டிருந்தன. பழி போட ஆளில்லாமல் போன பிறகுதான் போல்ட்டுக்குத் திருகுப் பசை போட ஆரம்பித்தேன். வெட்கக்கேடு, ஆனால் நடந்தது அதுதான்.

மெத்தனால் விஷயத்திலும் இதே அலட்சியம். பெயர் எழுதாத கேனில் வீட்டுப் பரணில் வைத்திருந்தேன். 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும் எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்திலும் விஷச் சாராயத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் செத்துப் போனார்கள். அந்தச் சாராயத்தில் இருந்தது மெத்தனால் என்று செய்தி வந்த அன்றுதான் பரணில் இருந்தது நினைவுக்கு வந்தது. உரிமம் உள்ள வியாபாரியிடம் அதைச் சேர்த்துவிட்டு மின் மோட்டாருக்கு மாறினேன். எஃப்3ஏ போட்டியாளர்களில் பெரும்பாலோர் இப்போது மின் மோட்டாரில்தான் பறக்கிறார்கள். மோட்டாரிலும் தேவைக்கு மேல் பெரியதை மாட்டி, அதற்கேற்ற பேட்டரியை மூக்கில் திணித்து, வாலில் ஈயம் வைக்க முடியும். மாட்டிப் பார்க்கக் கை இன்னும் அரிக்கத்தான் செய்கிறது.

நடிகர் அஜித் 2018-ல் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா டிரோன் மாணவர் குழுவோடு சேர்ந்ததிலிருந்து இந்தப் பொழுதுபோக்கைப் பற்றிக் கேட்டு வரும் பிள்ளைகள் அதிகம். கல்பாக்கம் அணுமின் நிலையத்துப் பக்கம் போகாதீர்கள், 2021 டிரோன் விதிகளைப் படித்துவிட்டு டிரோன் மேப்பில் பச்சை மண்டலமா என்று பார்த்துப் பறக்க விடுங்கள் என்பேன். பெட்டியில் அச்சிட்ட இன்ஜினையே மாட்டுங்கள் என்றும் சொல்வேன். இந்தக் கதையை மட்டும் அவர்களிடம் சொன்னதில்லை.

அன்று ஏரியில் நின்றவர்களில் சிலர் இதைப் படிக்கலாம். அந்தத் தம்பி எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் இதை அவரிடம் காட்டுங்கள். அவர் செட் ஆஃபில்தான் இருந்தது என்று மற்றவர்களிடமும் சொல்லுங்கள்.