யார் கை முதலில்?

கத்தரிக்காய் வாங்கும்போது உங்களுக்கு இந்தப் பிரச்னை வருவதில்லை. ஒரு கையில் பையை வாங்கிக்கொண்டு மறு கையால் காசை நீட்டுகிறீர்கள். நீங்கள் கடைக்காரரை நம்ப வேண்டாம், கடைக்காரரும் உங்களை நம்ப வேண்டாம்.

அதுவே 700 கிலோமீட்டர் தள்ளி, முன்பின் தெரியாத ஒருவரிடம், 13 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பழைய கார் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் முதலில் போகணுமா, வண்டி முதலில் வரணுமா? யார் கை முதலில் நீளும்?

நான் பி.காம். படித்தவன். மெர்க்கன்டைல் லா வகுப்பில் 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் நடத்தினார்கள். அதில் 32-வது பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் சரக்கைக் கொடுப்பதும் விலையைக் கொடுப்பதும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும் என்கிறது. எங்கள் வாத்தியார் அதைத் தமிழில் இப்படிச் சொன்னார்: 'இந்தக் கையில சரக்கு, அந்தக் கையில காசு. நடுவுல இடைவெளி விட்டா, அதுக்குள்ள எவனாவது பூந்துடுவான்.'

பூந்துட்டான் சார்!

அப்பாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆன பிறகு சின்னக் காரில் குனிந்து ஏற முடியவில்லை. இன்னோவா மாதிரி உயரமான வண்டி வேண்டும். புதிது வாங்க வசதி இல்லை. தேடிக்கொண்டிருந்தபோது ஒரு விளம்பரம். பளபளவென்று வண்டி, சந்தை விலையைவிட மூன்று லட்சம் குறைவு. போனில் பேசியவர் தன்னை ராணுவ அதிகாரி என்றார். யூனிஃபார்ம் போட்ட படம், அடையாள அட்டை, ஆர்.சி. புக் எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தன. 'அவசரமா டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு. நீங்க வர வேண்டாம், வண்டியை நாங்களே அனுப்பிடுவோம். அட்வான்ஸ் 15,000 மட்டும் போடுங்க.' போட்டேன். மறுநாள், லாரி இன்ஷூரன்ஸுக்கு இன்னும் 30,000 கேட்டார். அப்போதுதான் மண்டையில் மணி அடித்தது. அது யாரோ ஒருவருடைய படம், வேறு யாருடையதோ வண்டி.

அதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்று உண்டு. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே போன் செய்திருக்க வேண்டும். சீக்கிரம் சொன்னால், பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்குள் கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கிறது. நான் வெட்கப்பட்டுக்கொண்டு மூன்று நாள் வீட்டில்கூட வாய் திறக்கவில்லை. திருடனுக்கு அந்த மூன்று நாள் நான் கொடுத்த போனஸ்.

சூடு கண்ட பூனையாக இருந்தபோதுதான் நாகர்கோவில் வண்டி கண்ணில் பட்டது. 2019 மாடல், ஒரே ஓனர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர். போன் செய்ததுமே நான் முந்திக்கொண்டேன். 'அட்வான்ஸ் எல்லாம் தர முடியாது சார்.'

எதிர்முனையில் அமைதி. பிறகு, 'நான் கேக்கவே இல்லியே சார். நேர்ல வந்து பாத்துக்கிடுங்க. பிடிச்சா எடுங்க, இல்லேன்னா ஒரு சாயா குடிச்சிட்டுப் போங்க.'

அப்போதும் விடவில்லை நான். அரசாங்கத்தின் பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தேன். கடன் கொடுத்த வங்கியின் பெயர் அப்படியே இருந்தது. கேட்டால், 'கடன் அடைச்சு ரெண்டு வருஷம் ஆச்சே' என்றார். நிறைய பேர் செய்கிற தவறு இது. கடைசித் தவணை கட்டியதும் எல்லாம் முடிந்ததாக நினைத்துவிடுகிறோம். வங்கி தரும் என்.ஓ.சி.யையும் ஃபார்ம் 35-ஐயும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்து, ஆர்.சி.யிலிருந்து வங்கியின் பெயரை எடுக்க வேண்டும். எடுக்காத வரைக்கும் வண்டி உங்கள் பெயருக்கு மாறாது.

'அதை எடுத்துட்டுச் சொல்லுங்க, வர்றேன்' என்றேன். பழைய கடிதம் செல்லாது என்று புதிதாக வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அலைந்து, எல்லாம் முடிய மூன்று வாரம். இடையில் வேறு ஆட்கள் கேட்டும் அவர் கொடுக்கவில்லை. என்னிடம் ஒரு பைசா அட்வான்ஸ் வாங்காமல்! அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நண்பர் ஒருவர், 'ரொக்கமா கொண்டு போ, பேரம் பேசலாம்' என்றார். ரயிலில் 13 லட்சத்தை மடியில் கட்டிக்கொண்டு தூங்க முடியுமா? தவிர, 2017 ஏப்ரலிலிருந்து ஒரு விற்பனைக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது தப்பு. வாங்கியவருக்கு, வாங்கின தொகை அளவுக்கே அபராதம்.

ஆர்.டி.ஜி.எஸ். என்று முடிவாயிற்று. புதிதாகச் சேர்த்த கணக்குக்கு முதல் நாளே பெரிய தொகை அனுப்பப் பல வங்கிகள் விடாது என்பதால் நான்கு நாள் முன்பே அவர் கணக்கைச் சேர்த்தேன். 2025-லிருந்து ஒரு நல்ல வசதி: ஆர்.டி.ஜி.எஸ்., நெஃப்ட்டில் பணம் போகிற கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று அனுப்பும் முன்பே பார்த்துக்கொள்ளலாம். ஆர்.சி.யில் இருக்கிற அதே பெயர்! இருந்தாலும் திருப்தி வராமல் ஒரு ரூபாய் அனுப்பினேன். 'வந்துட்டு சார், ஒரு ரூவா' என்று சிரித்தார்.

எழும்பூரில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறி, விடியற்காலையில் நாகர்கோவில். தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போனேன். எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் ஆர்.சி.யோடு ஒத்துப் பார்த்து, 20 கிலோமீட்டர் ஓட்டியும் பார்த்தோம். சுத்தமான வண்டி.

ஹாலில் உட்கார்ந்தோம். ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்து ஆனது. டீபாயின் நடுவில் சாவி. நான் போனில் பட்டனை அழுத்தினேன். 13 லட்சத்து 80 ஆயிரம் என் கணக்கிலிருந்து கழிந்தது.

அவருக்கு மெசேஜ் வரவில்லை.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். பணம் வந்து சேர்ந்த அரை மணிக்குள் அவருடைய வங்கி வரவு வைக்க வேண்டும் என்பது விதி. படித்தவன்தான், எழுதியவன்தான். ஆனால் அந்த நேரத்தில் விதியா ஞாபகம் வரும்? பணம் என்னிடமும் இல்லை, அவரிடமும் இல்லை. வாத்தியார் சொன்ன இடைவெளியில் நட்டநடுவே உட்கார்ந்திருந்தேன். அந்தம்மா கொண்டுவந்து வைத்த மட்டிப்பழத்தை யாரும் தொடவில்லை.

அப்போதுதான் பெரியவர் பேசினார். 'சார், தப்பா நினைக்காதீங்க. உங்க ஆதாரை ஒரு போட்டோ எடுத்துக்கிடட்டா? வண்டி எத்தனை மணிக்கு உங்க கைக்கு வந்துதுன்னும் ஒரு பேப்பர்ல எழுதித் தரணும்.'

என்னைச் சந்தேகப்படுகிறாரா? முகம் மாறியிருக்கும் போல. அவரே தொடர்ந்தார். சில வருஷம் முன்பு ஒரு பைக்கை விற்றாராம். வாங்கியவர் பணத்தை எண்ணிக் கொடுத்தார், பெயரை மாற்றவில்லை. அந்த பைக் யார் மேலேயோ மோத, கோர்ட் நோட்டீஸ் வந்தது இவருக்கு. 'வண்டி போச்சு, காசு வந்துது. பேரு மட்டும் போகல்ல சார்.'

அவர் பயம் வீண் பயமில்லை. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஓனர், விபத்து நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட் 2018-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் பயப்படுகிறவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் பயம் சாவி கைக்கு வந்ததும் முடிந்துவிடும். அவர் பயம் சாவி கையை விட்டுப் போன பிறகுதான் ஆரம்பிக்கிறது.

ஆதாரை எடுத்து நீட்டினேன். தேதி, நேரம் போட்டு எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சாவியை என் பக்கம் தள்ளினார். 'நீங்க கிளம்புங்க சார். ராத்திரிக்குள்ள மெட்ராஸ் போகணும்லா? காசு எங்க போயிரப் போவுது?'

'மெசேஜ் வரட்டும் சார்' என்று சாவியைத் திருப்பித் தள்ளினேன். இரண்டு முறை அந்தச் சாவி டீபாயில் போய்வந்தது. 22-வது நிமிடம் அவர் போன் 'டிங்' என்றது. மெசேஜ் போலியாக இருக்கலாமாம், அதனால் வங்கி ஆப்பைத் திறந்து பேலன்ஸைப் பார்த்தார். கில்லாடி!

நீங்கள் வாங்கப் போகிறவராக இருந்தால், பார்க்காத வண்டிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நேரில் போங்கள். பணம் போவதும் சாவி வருவதும் ஒரே மேஜையில் நடக்கட்டும். ஆனால் வீடு திரும்பியதும் மறந்துவிடாதீர்கள். 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸை மாற்றுங்கள், முதல் வேலையாக ஆர்.சி.யையும் மாற்றுங்கள். எதிர்ப்பக்கம் ஒருவர் தூக்கமில்லாமல் காத்துக்கொண்டிருப்பார்.

ஐந்து வாரத்தில் புது ஆர்.சி. வந்தது. படம் எடுத்துப் பெரியவருக்கு அனுப்பினேன். பதில் இல்லை. சற்று நேரத்தில் என் போன் 'டிங்' என்றது.

என் கணக்கில் ஒரு ரூபாய் வரவு. கீழே அவருடைய மெசேஜ்: 'கணக்கு நேராயிட்டு சார். இன்னைக்குத்தான் நிம்மதியா ஒறங்குவேன்.'