இஸ்தோப்பில் ஓர் எடிட்டர் சண்டை

எடிட்டர் என்ற சொல்லைக் கேட்டால் என் நினைவுக்கு வருபவர், நான் எழுதிக் கொடுத்த செய்தியைப் பாதியாக வெட்டிவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்க்கும் மனிதர்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் இருந்தவனுக்கு வேறென்ன நினைவு வரும்? ஆகவே 2022 ஆகஸ்டில், பதுளைக்கு அருகே தோட்டத்தில் வாழும் தங்கை வீட்டு இஸ்தோப்பில் (லயத்தின் முன்தாழ்வாரத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்) இரண்டு இளைஞர்கள் எந்த எடிட்டர் நல்லது என்று சண்டையிட்டபோது, பத்திரிகை அரசியல்தான் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஏமாந்தேன். தங்கையின் மகன் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறான். மற்றவன் அவனுடைய வகுப்புத் தோழன், பதுளை நகரத்துப் பிள்ளை. நிரல் எழுதுவதற்கு எந்த மென்பொருள் சிறந்தது என்பதுதான் வழக்கு. தோழன் விஷுவல் ஸ்டூடியோ கோட் கட்சி. திரை நிறைய ஜன்னல்கள். பாதிச் சொல்லைத் தட்டும்போதே மீதியை அது சொல்லித் தருகிறது. பிழையின் கீழே சிவப்புக் கோடு இழுக்கிறது. மருமகன் விம் கட்சி. கறுப்புத் திரை, வெறும் எழுத்து. மவுஸுக்கு அங்கே வேலையே இல்லை.

“இந்தக் காலத்துல யாராவது இத வச்சு எழுதுவாங்களா, அங்கிள்? நீங்களே சொல்லுங்க” என்று தோழன் என்னை நீதிபதியாக்கினான்.

எனக்கு அச்சுக்கூடம் நினைவுக்கு வந்தது. ஈய எழுத்துக் கோத்த காலத்தில் அச்சுக்கோப்பாளரின் கண் என் கையெழுத்துப் பிரதியில் இருக்கும். விரல் தானாகவே சரியான அறைக்குள் போய் எழுத்தை எடுத்து வரும். பிறகு பேஜ்மேக்கர் வந்தது. பக்கம் அச்சாகப் போகும் உருவிலேயே திரையில் தெரிந்தது. அதில் மயங்காதவர் எவரும் இல்லை, நானுந்தான். ஆகவே தீர்ப்பைத் தோழன் பக்கம் எழுதத் தயாரானேன்.

“மாமா, என் லெப்டொப்ல நாலு ஜிபிதான்” என்றான் மருமகன்.

அந்த ஒரு வரியில் வழக்கின் திசை மாறியது. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ போன்ற பெரிய நிரலாக்கச் சூழல்களுக்குக் குறைந்தது 8 ஜிபி நினைவகம் வேண்டுமென்று அவற்றைத் தயாரித்தவர்களே சொல்கிறார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. 1,000 ரூபா நாட்சம்பளத்தில் கொழுந்து பறிக்கும் தாய், கைமாறி வந்த பழைய கணினியைத்தான் வாங்கிக் கொடுக்க முடிந்தது. ஜன்னல்கள் நிறைந்த மென்பொருளைத் திறந்தால் அது உறைந்து நின்றுவிடும். விம் உடனே திறக்கும்.

விம்மின் மூதாதை ‘விஐ’ பிறந்த கதையும் அப்படிப்பட்டதே. 1976இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த பில் ஜோய், விநாடிக்கு 300 பிட் அனுப்பும் மோடத்திலும் பயன்படும்படி அதை எழுதினார். விநாடிக்கு ஏறத்தாழ 30 எழுத்து. ஒரு திரை நிறைய ஒரு நிமிடம். அதனால்தான் கட்டளைகள் ஓரெழுத்தாயின. 1991இல் நெதர்லாந்துக்காரரான பிராம் மூலினார் விம்மை வெளியிட்டார். இலவசந்தான், ஆனால் திறந்ததும் உகண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவச் சொல்லும் ஒரு வரி கண்ணில் படும். 2023இல் அவர் காலமான செய்தியைப் படித்தபோது அந்த இஸ்தோப்பைத்தான் நினைத்தேன்.

ஆனால் விம் அன்று வென்றுவிடவில்லை. மருமகன் தன் நிரலை ஓட்டிக் காட்டினான். தராசில் தான் கண்ட நிறையைத் தங்கை ஒரு பழைய கொப்பியில் குறித்து வைப்பாள். தோட்டத்துத் துண்டுச்சீட்டில் இருப்பது வேறு எண். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழிப்பதே நிரலின் வேலை. கணக்கு வந்தது, தமிழ் வரவில்லை. ‘கொழுந்து’ என்ற சொல்லில் கொம்பும் காலும் ககரத்தை விட்டுப் பிரிந்து, ஆற்று வெள்ளத்தில் அள்ளுண்டவை போல் ஆளுக்கொரு பக்கம் நின்றன. அந்தக் கறுப்புத் திரை ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று ஆங்கிலத்துக்காக வகுக்கப்பட்டது. ககரத்தின் இரு பக்கமும் அணைத்து நிற்கும் ஒகரக் குறியை அதற்குப் புரியவில்லை. அதே கோப்பைத் தோழனின் கணினியில் திறந்தோம். கொழுந்து கொழுந்தாகவே இருந்தது.

“பாத்தியா மச்சான்!” என்று தோழன் கைதட்டினான். மருமகன் அசையவில்லை. “நிரல விம்லதான் எழுதுவேன். தமிழ் வரிகள மட்டும் தனிக் கோப்புல போட்டு ஒன்னோட மெஷின்ல பாத்துக்குறேன்” என்றான். தோழன் முணுமுணுத்தாலும் கணினியை அன்றிரவு அங்கேயே விட்டுப் போனான். இதைவிட நல்ல சமரசத்தை நான் நாடாளுமன்றச் செய்தி எழுதிய நாட்களிலும் கண்டதில்லை.

மலையிலிருந்து வந்த தங்கை கூடையை இறக்கிவிட்டுத் திரையருகே குனிந்தாள். ஆகஸ்ட்டின் வறண்ட காற்றில் முகம் வெடித்திருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தாள். ஜூலை மாதம், கழிவு, 66 கிலோ. மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள்.

“இத யாருகிட்டடா காட்டுறது?” என்று கேட்டாள்.

அவன் பதில் சொல்லவில்லை. ஜூன் மாதத்துச் சீட்டுகள் எங்கே என்று கேட்டான். அவள் பிஸ்கட் டின்னை எடுக்க உள்ளே போனாள்.