பத்து போல்ட்டுக்கு இத்தனை ரோசனையா?

எஞ்சினைப் பிரிச்சு மாட்டும்போது பிஸ்டன், ரிங், பேரிங்னு ஒவ்வொண்ணையும் நாள்கணக்கா விசாரிப்போம். சிலிண்டர் ஹெட்டைப் பிடிச்சு நிக்கிற போல்ட்டை மட்டும் கழட்டினபடியே துடைச்சு மாட்டிடுவோம். இந்த முறை எனக்கு அப்படி விட மனசு வரலை.

வண்டி, அப்பா 2001-ல வாங்கின ஓப்பல் கோர்ஸா. 2006-ல ஓப்பல் பேரையே இந்தியாவுல நிறுத்திட்டாங்க. 2017 கடைசியில ஜெனரல் மோட்டார்ஸும் இங்க கார் விக்கறதை விட்டுடுச்சு. ஹெட் கேஸ்கெட் போய் ஆயில்ல தண்ணி கலந்து, எஞ்சினை மொத்தமா பிரிச்சாச்சு. பிளாக்ல ஒரு மரை போச்சுன்னா இன்னொரு பிளாக்குக்கு எங்கே போறது? அப்பாவோ, "பழனிக்கு அதுலதாண்டா போவேன்"னு உட்கார்ந்திருக்கார்.

மெக்கானிக் அண்ணன் பழசையே மாட்டலாம்னார். தெரிஞ்ச லேத்துக்காரர், "கடையில 12.9 கிரேடு ஆலன் போல்ட் கிடைக்கும், சாகற வரைக்கும் உடையாது"ன்னார். ரேஸ் பைத்தியம் பிடிச்ச நண்பன் ஏஆர்பி ஸ்டட் போடச் சொன்னான். எதை எடுக்கறது?

சரி, மேட்டருக்கு வருவோம். ஹெட் போல்ட்டை ஆணி மாதிரி நினைக்காதீங்க, அது ஸ்பிரிங். முறுக்கும்போது துளி இழுபடும். பழைய நீளத்துக்குத் திரும்பப் பாக்கற அந்த இழுவைதான் ஹெட்டை அமுக்கிப் பிடிக்குது. எஞ்சின் சூடானா அலுமினிய ஹெட், ஸ்டீல் போல்ட்டை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும். ஆறினா சுருங்கும். ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் பண்ணும்போதும் போல்ட் அதோட கூடவே போய்த் திரும்பணும்.

டார்க் ரெஞ்ச்சை மட்டும் நம்பவும் முடியாது. நாம போடற முறுக்குல சுமார் 90 சதவீதம் போல்ட் தலைக்கு அடியிலயும் மரையிலயும் உராய்வாவே போயிடும். மிச்சம் 10 சதவீதம்தான் ஹெட்டை அமுக்குது. மரை கொஞ்சம் காஞ்சிருந்தாலும் கணக்கு தப்பிடும். அதனாலதான் இந்த எஞ்சினுக்கு முதல்ல 25 நியூட்டன் மீட்டர், அப்புறம் 60 டிகிரி வீதம் மூணு தடவை திருப்பச் சொல்றாங்க. டிகிரிக்கு உராய்வு பத்திக் கவலையில்லை. ஆனா அந்தத் திருப்புல போல்ட் தன் எல்லை வரைக்கும் இழுபட்டு நிரந்தரமா நீண்டுடும். ரெண்டாவது தடவை அதே பிடி வராது. ஆக, பழசு அவுட்.

12.9? 12-ன்னா 1200 மெகாபாஸ்கல் பலம், அதுல 90 சதவீதத்துல நிரந்தரமா நீள ஆரம்பிக்கும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரிஜினல் போல்ட் ஒரு அளவுக்கு மேல நீண்டு கொடுத்து, பிளாக் மரையைக் காப்பாத்துது. அதைவிடக் கெட்டியான போல்ட் அதே 180 டிகிரிக்கு விட்டுக்கொடுக்காம இழுக்கும். போல்ட் உடையாது, சரி. பிளாக் மரை?

ஏஆர்பி நல்ல சாமான்தான், திரும்பத் திரும்ப மாட்டலாம். ஆனா அதுக்குன்னு தனி கிரீஸ், தனி டார்க் கணக்கு. டர்போ வண்டிக்கு அது நியாயம். அறுபதுல போற அப்பாவுக்கு எதுக்கு? :-)

கடைசியா ஐரோப்பாவிலிருந்து புது ஸ்ட்ரெச் போல்ட் செட் வரவழைச்சேன். இதே எஞ்சின் குடும்பம் அங்கே லட்சக்கணக்குல ஓடினதால இன்னமும் கிடைக்குது. "ஏந் தம்பி, பத்து போல்ட்டுக்கு இத்தனை ரோசனையா?"ன்னு அண்ணன் சிரிச்சார். பழசைப் பக்கத்துல வெச்சு வெர்னியர்ல அளந்து காட்டினேன். பத்துமே புதுசை விட நீளம். அப்புறம் அவர் பேசலை. அவரே துளையில தேங்கின ஆயிலையும் தண்ணியையும் காத்தடிச்சு எடுத்தார். அது உள்ளே தங்கினா, போல்ட் அமுக்கற அமுக்கல்ல பிளாக்கே விரிசல் விடலாம். நடுவுல ஆரம்பிச்சு வெளியே வர்ற வரிசையில முறுக்கினோம்.

ஆயிரம் கிலோமீட்டர் ஆச்சு, கூலன்ட் இறங்கலை. பழனியும் போயிட்டு வந்தாச்சு.

உங்க வண்டி எதுவானாலும் மேனுவலைப் பாருங்க. ஹெட் போல்ட்டுக்கு டிகிரி கணக்கு போட்டிருந்தா, ஒருமுறை மாட்ற போல்ட்டாத்தான் பெரும்பாலும் இருக்கும், புதுசு வாங்கிடுங்க. அம்பாசிடர் பெட்ரோல் மாதிரி ஸ்டட், நட்டு போட்ட பழைய எஞ்சின்னா, மரை நல்லாயிருந்தா அதையே மாட்டலாம். எது வலுவானதுன்னு பாக்காதீங்க, அந்த எஞ்சினுக்குக் கணக்கு போட்டது எதுன்னு பாருங்க.