பக்கத்துக்கு முந்திய பிரதி

நெய்வேலி நகரியத்துக்கு அண்டை ஊர் வடலூர். அங்கு வாழ்ந்த வள்ளலாரின் பாடல்கள் 1867-இல் தொழுவூர் வேலாயுத முதலியார் பதிப்பில் திருவருட்பாவாக வெளிவந்தபோது, நூல் என்றால் அச்சுக்கோத்த பக்கம்தான். கோத்த எழுத்தைக் கலைத்துவிட்டால் அடுத்த பதிப்புக்கு முதலிலிருந்து கோக்க வேண்டும். இன்று நகரிய வாசகர் ஒருவர் தமிழ் விக்கிமூலம் என்னும் இணைய நூலகத்தில் ஒரு நூலைத் திறந்து பதிவிறக்கப் பொத்தானை அழுத்தினால், அச்சிடத்தக்க பி.டி.எஃப். சிறிது நேரத்தில் வந்துவிடுகிறது. அதற்கு மூலமாக இருப்பது வெறும் எழுத்து: தலைப்பின் இருபுறமும் சமக்குறிகள், தடித்த சொல்லைச் சுற்றி மும்மூன்று ஒற்றை மேற்கோள் குறிகள், பாட்டின் அடிகள் குலையாதிருக்க ஒரு குறி. இந்த முறை எங்கே தொடங்கியது என்பதே என் தேடல்.

ஜான் குரூபர் மார்க்டவுன் என்னும் எளிய குறிமுறையை வெளியிட்ட 2004-ஐப் பலர் தொடக்கமாகக் கொள்கிறார்கள். ஆனால் அவரே மின்னஞ்சல் எழுதுவோரின் பழைய வழக்கங்களைத் தமக்கு முன்மாதிரி என்கிறார். வார்ட் கன்னிங்காமின் முதல் விக்கி 1995-லேயே வந்துவிட்டது. இன்னும் பின்னால் போனால் 1964-இல் எம்.ஐ.டி.யில் ஜெரோம் சால்ட்சர் எழுதிய ரன்ஆஃப்: புள்ளியில் தொடங்கும் வரி கட்டளை, மற்றதெல்லாம் உரை. காலத்தால் மூத்தது அதுதான். ஆயினும் வேரை நான் 1969-இல், ஐ.பி.எம்.மில் சார்லஸ் கோல்ட்ஃபார்பும் இரு தோழர்களும் உருவாக்கிய ஜி.எம்.எல். குறிமுறையில் காண்கிறேன். ரன்ஆஃபின் கட்டளைகள் பெரும்பாலும் வரியை எங்கே வெட்டுவது, எவ்வளவு இடம் விடுவது என்று சொன்னவை. ஜி.எம்.எல். குறிகளோ இது தலைப்பு, இது பத்தி என்று மட்டும் சொல்லி, தோற்றத்தைப் பிறகு முடிவுசெய்ய விட்டுவிட்டன. எழுதுவதும் பக்கம் கட்டுவதும் இரண்டு வேலைகள் என்று தெளிவாகப் பிரிந்தது அங்கேதான்.

அந்தப் பிரிவினையின் மதிப்பைத் தமிழைப் போல உணர்ந்த மொழிகள் குறைவு. சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய, தமிழ் நூல்களை மின்னுரையாகச் சேர்க்கும் மதுரைத் திட்டம், முதலில் மயிலை எழுத்துரு, அடுத்துத் திஸ்கி குறியீடு, பின்னர் யூனிகோடு என்று வீடு மாறிக்கொண்டே வந்தது. பக்கங்களைப் படமாக மட்டும் சேர்த்திருந்தால் இந்த மாற்றங்கள் நடந்திருக்காது. எழுத்தாகச் சேர்த்ததால் குறியீட்டை மாற்றியதும் நூல் பிழைத்துக்கொண்டது. 2013-இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் குழு, பிரஸ்புக்ஸ் என்னும் இணையக் கருவியில் உரையை ஏற்றி, ஏ4 தாளுக்கு ஒன்று, ஆறு அங்குலத் திரைக்கு ஒன்று, ஈபப் ஒன்று எனப் பல வடிவங்களை ஒரே மூலத்திலிருந்து எடுத்தது.

பக்கத்தைக் கண்ணால் பார்த்தபடியே அமைக்க வேர்டும் பேஜ்மேக்கரும் இருக்க, குறிகள் எதற்கு என்று கேட்கலாம். ஒரு திருமண அழைப்பிதழுக்கு அந்தக் கேள்வி முற்றிலும் நியாயமானது. நூலுக்கு அல்ல. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. அதில் பழைய எழுத்துருக்களில் கட்டிய தமிழ்க் கோப்புகள், உரிய மென்பொருளும் எழுத்துருவும் இல்லாத கணினியில் ரோமன் எழுத்துக் குப்பையாகத்தான் திறக்கும். குறிமுறைக்கு இதைவிட வலுவான மறுப்பும் உண்டு: தமிழ் அறியாத மாற்றுக் கருவிகள் 'கொ'வின் கொம்பையும் காலையும் பிரித்துப் புள்ளிவட்டத்தோடு அச்சிடுகின்றன. உண்மைதான், அப்படி வந்த தாளை யாரிடமும் கொடுக்க முடியாது. ஆனால் கெட்டது அந்த வெளியீடு மட்டுமே. அதே உரையை, யூனிகோடு எழுத்துருக்களை நேரடியாகக் கையாளும் ஸீடெக் போன்ற நிரலில் ஓட்டினால் எழுத்துகள் சரியாக அமைகின்றன. மூலத்தில் ஓர் எழுத்தையும் திருத்த வேண்டியதில்லை.

எந்தக் கருவியும் செய்யாத வேலை மெய்ப்புப் பார்ப்பது. தமிழ் இணையக் கல்விக்கழகம் பொதுவுரிமையில் அளித்த நாட்டுடைமை நூல்கள் 2000-க்கும் மேல் விக்கிமூலத்துக்கு வந்தன. எழுத்துணரி அவற்றின் படங்களை உரையாக்கியது. ஆனால் 'ர'வையும் காலையும் அது குழப்பிய இடங்களைத் தன்னார்வலர்கள்தான் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். சரிபார்க்காத பக்கங்கள் அங்கே இன்னும் ஏராளம். கணக்குத் தொடங்கும் எவரும் ஒரு பக்கத்தை எடுத்துத் திருத்தலாம்.