புள்ளி விழாத விசைப்பலகை

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வேண்டிய பாடத்தாள்களை அடித்துத் தரும் பணி இரண்டு ஆண்டுகளாக என்னிடம் இருந்து வருகிறது. பகலெல்லாம் ரயில்வே அலுவலகத்தில் சரக்குக் கணக்கு எழுதிவிட்டு, இரவு உணவுக்குப் பின் கல்யாண் குடியிருப்பில் அமர்ந்து நான்கு பக்கம் தமிழ் அடிப்பது எனக்கு உழைப்பாகத் தோன்றுவதில்லை. கருவிதான் பழையது. பிறர் பயன்படுத்திக் கழித்த மடிக்கணினி. அதில் விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் அமைப்பை நிறுவியிருக்கிறேன். 1991-ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் தொடங்கிய அந்த முயற்சி, என்போன்ற மெட்ரிக் படிப்பாளி ஒருவன் வீட்டில் தமிழ் அடிக்க உதவும் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார்.

இவ்வாண்டு மழை பிடித்துக்கொண்ட பிறகு அக்கருவியின் விசைப்பலகை முரண்டு செய்யத் தொடங்கிற்று. அடித்த தாளைப் பிழை பார்ப்பவள் என் மகள். மூன்றாம் வகுப்பு. அவள் ஊகித்துப் படிப்பவள் அல்லள். உள்ளதை உள்ளவாறே படிப்பவள். ஒரு நாள், "அப்பா, 'கால்' என்று சொல்லிக் கொடுத்தீர்கள், இங்கே 'கால' என்றல்லவா இருக்கிறது? 'வீடு' என்ற இடத்தில் 'ஈடு' என்று இருக்கிறதே, அது என்ன?" என்றாள். வீடு ஈடாகிவிட்ட செய்தியை அவளுக்கு எப்படி விளக்குவது? என் மனைவி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் சொல்கிறேன். மெய்யெழுத்துக்குப் புள்ளி இயல்பு என்று தொல்காப்பியர் வகுத்து வைத்தார். ஆயினும் ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளியிடாமலே எழுதிச் சென்றனர். படிப்பவர் தமிழ் அறிந்தவராகையால், இல்லாத புள்ளியைத் தாமே இட்டுப் படித்துக்கொண்டனர். நம் குழந்தைகளின் நிலை வேறு. பள்ளியில் இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும்; தெருவில் இந்தி; தமிழ் வீட்டுக்குள் மட்டும். தாளில் 'கால' என்று கண்டால் அதுவே தமிழ் என்று மனத்தில் பதித்துக்கொள்வார்கள். வாரந்தோறும் முப்பது குழந்தைகளின் கைக்குப் போகும் தாள் அது.

கடைத்தெருவில் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பிக்கூடப் பார்க்காமல், "இது லினக்ஸால் வரும் தொல்லை, வேறு அமைப்பைப் போட வேண்டும், அல்லது உள்ளிருக்கும் பெரிய பலகையையே மாற்ற வேண்டும்" என்றார். அவர் சொன்ன தொகை, நான் கருவி வாங்கிய விலையில் பாதிக்கு மேல். நோய் இன்னதென்று பாராமல் மருந்து சொல்லும் வைத்தியம் எனக்கு ஒப்பவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

ரயில்வேயில் தந்தி இருந்த காலத்தில், கம்பி அறுந்தால் வழி நெடுகத் தேடிப் பார்த்ததில்லை. இந்த நிலையம் வரை செய்தி வருகிறதா, அடுத்த நிலையம் வரை வருகிறதா என்று சோதித்து, பழுதை இரண்டு நிலையங்களுக்கு இடையே அடைத்துவிடுவார்கள். ஓர் எழுத்தும் அப்படித்தான் பயணம் செய்கிறது. விரல் அழுத்திய விசையில் புறப்பட்டு, விசைகளைக் கண்காணிக்கும் சில்லுக்குப் போய், அங்கிருந்து லினக்ஸின் உட்கருவுக்கு வந்து, பிறகு தமிழ் 99 என்னும் தளக்கோலத்தால் தமிழெழுத்தாக மாறி, கடைசியில் தாளில் இறங்குகிறது.

முதலில் வேறொரு யூ.எஸ்.பி. விசைப்பலகையைச் செருகி அடித்தேன். ஓர் எழுத்தும் தவறவில்லை. ஆகவே தளக்கோலத்தின்மேல் பழி இல்லை. அடுத்து ஈவ்டெஸ்ட் என்னும் சிறு நிரலை முனையத்தில் ஓட்டினேன். விசையை அழுத்தினால் 1 என்றும், விட்டால் 0 என்றும், அழுத்திப் பிடித்தால் 2 என்றும் அது காட்டும். எஃப் விசையை 50 முறை அழுத்தினேன். 41 முறைதான் கணக்கில் வந்தது. மற்ற 9 முறையும் லினக்ஸின் வாசலுக்கே செய்தி வந்து சேரவில்லை.

இதற்கு மேலும் ஒரு சோதனை உண்டு. ஐயத்தை அறவே தீர்த்தது அதுதான். கணிப்பொறி எழும்போது, லினக்ஸ் தொடங்குவதற்கு முன்னரே கிரப் என்னும் பட்டியல் திரை வரும். அங்கே சி விசையைத் தட்டினால் எழுதும் இடம் கிடைக்கும். லினக்ஸ் இன்னும் கண் விழிக்காத அந்த வேளையிலும் எஃப் விசை விட்டுவிட்டுத்தான் விழுந்தது. தூங்குகிறவன்மேல் திருட்டுக் குற்றம் சாட்ட முடியுமா?

தவறிய விசைகள் எஃப், ஆர், வி, மேல் வரிசையில் 4. தமிழ் 99 தளக்கோலத்தில் எஃப் புள்ளி, ஆர் ஐகாரம், வி வகரம். 'வை' என்று அடிப்பதற்குள் என் பொறுமை போய்விடும்! இந்த நான்கும் ஏன் சேர்ந்து தவற வேண்டும்? விசைப்பலகையின் உள்ளே ஒவ்வொரு விசைக்கும் தனிக் கம்பி கிடையாது. குறுக்கும் நெடுக்குமாகத் தடங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு விசையும் ஒரு சந்திப்பு. கிளைப்பாதை ஒன்று கெட்டால் அதன் நிலையங்கள் எல்லாம் கெடுவதுபோல், ஒரு தடம் நலிந்தால் அத்தடத்து விசைகள் யாவும் தடுமாறும். தடங்கள் எல்லாம் ஒரு மெல்லிய பட்டைக் கம்பியில் கூடி உள்ளே செருகப்படுகின்றன. மழைக்கால ஈரம் அந்த முனைகளில் களிம்பு ஏற்றியிருக்க வேண்டும்.

சிக்னல் பிரிவு நண்பர் ஒருவர் திருகுகளைக் கழற்றிக் கொடுத்தார். கருவியை அணைத்து, மின்கலத்தைத் துண்டித்த பிறகே கையை வைத்தார். பட்டையின் பூட்டைத் தூக்கி, முனையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, உலரவிட்டு மீண்டும் செருகினார். ஆரும் 4-உம் முற்றும் குணமாயின. எஃப், வி இரண்டும் முன்னிலும் மேல். ஆயினும் நூற்றுக்கு நூறு அல்ல.

நிற்க. இதற்கிடையே இன்னொரு தொல்லையும் கலந்திருந்தது. மூடியைச் சாத்தித் திறந்தால் சில வேளை விசைப்பலகை முழுதுமே செத்துக் கிடக்கும். இது பட்டையின் குற்றம் அன்று, லினக்ஸ் பக்கத்தது. மடிக்கணினிகள் பலவற்றின் உள்விசைப்பலகை, 1984-இல் ஐ.பி.எம். வெளியிட்ட ஏ.டி. கணிப்பொறியின் பழைய வழக்கத்திலேயே இன்றும் பேசுகிறது. அந்நாளைய 8042 என்னும் சில்லின் எண்ணே லினக்ஸில் அப்பகுதிக்குப் பெயராக நின்றுவிட்டது. கிரப் அமைப்புக் கோப்பில் 'ஐ8042.ரீசெட்' என்ற சொல்லைச் சேர்த்து, கிரப்பைப் புதுப்பித்தேன். உறங்கி விழிக்கும்போது அச்சில்லை அது புதிதாகத் தொடங்கச் செய்யும். அதன் பின் அத்தொல்லை இல்லை. இரண்டு நோயையும் ஒன்றாக எண்ணியிருந்தால் இரண்டுமே தீர்ந்திரா.

புதிய விசைப்பலகை வாங்குவது என்று முடிவாயிற்று. என் கருவியில் அது தனியே கழன்று வருவது; விலை 700 ரூபாய். மேற்சட்டத்தோடு சேர்த்து ஒட்டிய வகையானால் வேலையும் செலவும் கூடும், வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். தபாலில் வர ஒன்பது நாள் ஆகும் என்றார்கள். அதற்குள் ஒரு ஞாயிறு குறுக்கிட்டது. தமிழ் 99-இல் கேப்ஸ் லாக் விசைக்கு வேலையே இல்லை. வெட்டியாய் உட்கார்ந்திருக்கும் உத்தியோகஸ்தன் அது. விசைக் குறியெண்களை மாற்றியமைக்கும் கோப்பு ஒன்றில், கேப்ஸ் லாக்கின் எண்ணுக்கு எதிரே எஃப் என்று எழுதி வைத்தேன். புள்ளியிடும் பொறுப்பு அதற்கு வந்தது. நன்றாகவே பார்த்தது.

அவ்வாரத் தாளை மகள் இருமுறை படித்தாள். 'கால்' காலாகவே இருந்தது. வீடும் மீண்டது.

இப்போது புதிய விசைப்பலகை பொருத்தியாகிவிட்டது. கேப்ஸ் லாக்கைப் பழைய பதவிக்கு அனுப்ப மனம் வராமல் அப்படியே விட்டிருக்கிறேன். சோதனைக்குப் பயன்பட்ட யூ.எஸ்.பி. விசைப்பலகையைச் சங்க நூலகத்தின் அலமாரியில் வைத்துள்ளேன். இத்தகைய தொல்லை உடைய அன்பர்கள் ஞாயிறு காலை வகுப்பு நேரத்தில் கேட்டு வாங்கிச் சென்று, அடுத்த ஞாயிறு திருப்பித் தரலாம்.