பனிக்கடலில் அட்டென்டன்ஸ்!

ஆர்க்டிக் கடல்ல யாரெல்லாம் குடியிருக்காங்கன்னு கேட்டா பனிக்கரடி, திமிங்கலம்னு அடுக்குவீங்க. மைக்ரோமோனாஸ் போலாரிஸ்? யாரும் சொல்ல மாட்டீங்க பாஸ்! ஒரு மில்லிமீட்டரை 500 துண்டாக்கினால், அதில் ஒரு துண்டு சைஸ்கூட வராத பாசி அது. மைக்ராஸ்கோப்பில் வெறும் பச்சைப் புள்ளி. பக்கத்துப் பச்சைப் புள்ளி அதுக்குச் சொந்தமா, அந்நியமான்னு கண்ணால் சொல்லவே முடியாது.

அதனால் விஞ்ஞானிகள் வேறு ரூட் பிடித்தார்கள். கடல்நீரை வடிகட்டி, சிக்கிய உயிர்களின் டி.என்.ஏ-வை மொத்தமாக எடுத்து, அதில் 18எஸ் என்ற ஜீனைப் படிக்கிறார்கள். இந்தப் பாசிகள் எல்லாவற்றிலும் அது உண்டு. ஆனால், எழுத்துவரிசை இனத்துக்கு இனம் மாறும், நம்ம ரோல் நம்பர் மாதிரி! 2013-ல் 'தாரா' என்ற பாய்மரக் கப்பல் ஆர்க்டிக்கைச் சுற்றிவந்து சாம்பிள் அள்ளியது இதற்காகத்தான்.

'இதனால என்ன?'ங்கறீங்களா? கனடாவுக்கு வடக்கே பனி உருகி, மேல்நீரில் உப்பு குறைய, பெரிய பாசிகள் குறைந்து குட்டிப் பாசிகள் பெருகியதை 2009-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. பாசி சிறுத்தால், மீன் வரைக்கும் சாப்பாட்டு வரிசையே ஆட்டம் காணலாம்.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ். பயாலஜிக்கு ப்ளஸ் ஒன்லயே டாட்டா! ஆனா, தாராவின் டி.என்.ஏ. தகவல்கள் நெட்டில் இலவசம். கோடிக்கணக்கான எழுத்துகளை ஒப்பிட்டுப் பிரிக்க புரோகிராம் எழுதத் தெரிஞ்சவங்க வேணும். ப்ராஜெக்ட்டுக்கு இன்னொரு லைப்ரரி சாஃப்ட்வேர் எதுக்கு? பனி உருகுறதுக்குள்ள அட்டென்டன்ஸ் எடுக்கணும். வர்றீங்களா?